மயில்வாகனத்துக்கு வந்த பென்ஷன்

தீ மிதிக்கக் காப்புக் கட்டிக்கொண்டவர்கள், அதை அவிழ்க்கிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. பிள்ளையார்பாளையத்தில் இதைச் சின்னப் பிள்ளையும் அறியும். கல்யாணமோ கருமாதியோ, எதுவானாலும் எல்லைக்கு உள்ளேதான். மீறினவனுக்கு என்ன ஆகும் என்று யாரும் கண்டு சொன்னதில்லை. மீறாதவனுக்கு என்ன ஆயிற்று என்பது மட்டும் மயில்வாகனத்தைப் பார்த்தால் தெரியும்.

அந்த வருஷம் பங்குனியில் அவருடைய பிள்ளை விக்னேஷுக்கு விடாத காய்ச்சல். நாலு வயசுக் குழந்தை, கஞ்சித் தண்ணிகூட இறங்கவில்லை. அவன் அம்மா நீலாம்பாள் தெருக்கோடியில் இருக்கிற திரௌபதி அம்மன் முன்னால் போய் நின்று, "எம்புள்ளையக் குடுத்துடு தாயே, அவங்கப்பா உன் தீயில எறங்குவாரு" என்று வேண்டிக்கொண்டு வந்துவிட்டாள். வேண்டிக்கொண்டது அவள், இறங்க வேண்டியது அவர். எப்படியோ காய்ச்சல் விட்டது. மயில்வாகனமும் மஞ்சள் வேட்டி கட்டி, கையில் காப்பு ஏற்றிக்கொண்டார்.

காப்பின் ஈரம் காய்வதற்குள் தபால் வந்தது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் எந்தக் காலத்திலோ பதிந்துவைத்து, பதிந்ததையே மறந்து தறியில் உட்கார்ந்திருந்த மனிதருக்கு பஸ் கண்டக்டர் வேலை. வெளியூரில் இருக்கும் தலைமை ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும். ஒரு மாதம் தவணை கொடுத்திருந்தார்கள்.

தாமல் கிராமத்து ஜான்சனுக்கும் அதே வாரம் டிரைவர் வேலைக்குத் தபால் வந்திருந்தது. சான்றிதழ் சரிபார்க்கப் போன இடத்தில் இரண்டு பேருக்கும் பழக்கம். ஜான்சன் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார்.

"வா மயிலு, ஒண்ணாவே போய் சேந்துக்கலாம்."

"கையில காப்பு இருக்குது ஜான்சா. எல்லை தாண்டக் கூடாது. தவணைதான் இருக்குதே, நீ முன்னாடி போ."

ஜான்சன் மார்ச் முடிவதற்குள் போய்ச் சேர்ந்துகொண்டார். மயில்வாகனம் தீ மிதித்து, மஞ்சள் நீராடி, காப்பு அவிழ்த்து, அதற்குப் பிறகும் ஒரு நல்ல நாள் பார்த்துக் கிளம்பினபோது ஏப்ரல் பிறந்துவிட்டிருந்தது.

அப்போது யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆடி மாசத்தில்தான் அரசாங்கம் சொன்னது, ஏப்ரல் ஒண்ணாம் தேதியிலிருந்து சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது என்று. முன்தேதி போட்டுச் சொன்னது. மார்ச்சில் சேர்ந்தவனுக்கு ஆயுசு உள்ள மட்டும் மாசாமாசம் பென்ஷன். ஏப்ரலில் சேர்ந்தவனுக்குச் சம்பளத்தில் பிடித்ததும், நிர்வாகம் தன் பங்குக்குப் போட்டதும் சேர்த்துக் கடைசியில் ஒரு மொத்தப் பணம், அதோடு சரி. டிப்போவில் பேரே அப்படி விழுந்துவிட்டது. ஜான்சன் 'பழைய ஆளு', மயில்வாகனம் 'புது ஆளு'. இத்தனைக்கும் தலை முதலில் நரைத்தது மயில்வாகனத்துக்குத்தான்.

அதற்கப்புறம் இரண்டு பேரையும் ஒரே பஸ்ஸில் போட்டார்கள். விசில் அடிப்பது மயில்வாகனம், வண்டியை எடுப்பது ஜான்சன். ஒரே சங்கம், ஒரே சந்தா. ஸ்டிரைக் நடந்தபோது ஒரே வேனில் ஏற்றிக்கொண்டு போய் ஒரே கல்யாண மண்டபத்தில் அடைத்துவைத்தார்கள். அங்கே போட்ட சாம்பார் சோறும் ஒன்றுதான். பென்ஷன் மட்டும் வேறு.

தறியில் பூட்டின பாவு நூலில் ஒரு இழை அறுந்தாலும் தறி ஓடும், புடவையும் நீளும். ஆனால் அந்த இடம் வரும்போது நெய்கிறவன் கை தானாக நிற்கும். மயில்வாகனத்தின் மனசும் அப்படித்தான். ஜான்சன் நல்லவர். பேச்சில் சூது கிடையாது. "கடைசி காலத்துல எவன் கையையும் நம்பிக்கினு இருக்க வேணாம்பா, நம்ம காசு நமக்கு வந்துரும்" என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவர் சும்மாதான் சொல்லுவார். மயில்வாகனம் அடுத்த நிறுத்தத்தில் வேண்டுமென்றே தாமதமாக விசில் அடிப்பார். அதற்குமேல் என்ன செய்ய முடியும்?

சொந்தக்காரர் ஒருவர் ஒருநாள், "தாமல்ல கூலிக்கு நாத்து நட்டவங்க வீட்டுக்கெல்லாம் பென்ஷன் வரப்போவுது. நம்ம வீட்டுல பாரு" என்றார். அது தப்பான பேச்சு என்று மயில்வாகனத்துக்குத் தெரியும். ஜான்சனுடைய அப்பா அடுத்தவன் நிலத்தில் சேற்றில் நின்றே செத்த மனிதர். அந்த வம்சத்தில் வயசான காலத்துக்கென்று ஒரு காசு வருவது இதுதான் முதல் தடவை. அதெல்லாம் தெரிந்தும் அந்தப் பேச்சு காதுக்கு இதமாகத்தான் இருந்தது. இதமாக இருந்துவிட்டதே என்று வெட்கப்பட்டு, வீட்டுக்குப் போய்க் கைகால் கழுவி விபூதி பூசிக்கொண்டார்.

வெளியே சொல்ல முடியாத எரிச்சல் வீட்டுக்குள் வந்தது. குழம்பில் உப்பு இல்லாவிட்டால், "உன் வேண்டுதல் மாதிரியே இருக்குது" என்பார். நீலாம்பாள் உப்பு ஜாடியைக் கொண்டுவந்து வைப்பாள். விக்னேஷ் பரீட்சையில் மார்க்கு குறைந்தால், "உன்னைப் பொழைக்க வச்சதுக்கு நான் குடுத்த வெல எனக்குத்தான் தெரியும்" என்பார். ஒருநாள் அந்தப் பையன் தட்டை நகர்த்திவைத்துவிட்டுக் கேட்டான்.

"நான் காய்ச்சல்ல படுத்தது என் தப்பாப்பா?"

அன்றோடு மயில்வாகனம் அந்தப் பேச்சை நிறுத்தினார். ஆனால் வாயை விட்டுப் போனது வீட்டை விட்டுப் போகவில்லை. விக்னேஷ் வளர்ந்து, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்து, சம்பளத்தை அம்மா கையில் கொடுக்கும்போது அப்பா முகத்தைப் பார்க்க மாட்டான். "கடைசி வரைக்கும் நான் பாத்துக்கறேன்" என்று ஒருநாள் சொன்னான். கடன்காரன் தவணை சொல்லுகிற மாதிரி இருந்தது. ஜான்சனுடைய மகனோ அப்பா தோளில் கைபோட்டுக்கொண்டு சினிமாக் கதை பேசிச் சிரிப்பான். மயில்வாகனம் அந்தச் சிரிப்பையும் சேர்த்துத்தான் பொறாமைப்பட்டார்.

வெள்ளிக்கிழமை தோறும் அம்மனிடம் கேட்பார். 'உனக்குக் குடுத்த வாக்கக் காப்பாத்துனேன். எல்லை தாண்டல. என்னை மட்டும் எதுக்கும்மா எல்லைக்கு அந்தாண்ட நிறுத்திட்ட?' அம்மன் எப்போதும்போலப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இருவரும் ஒரே நாளில் ஓய்வு பெற்றார்கள். மாலை, சால்வை, போட்டோ எல்லாம் சமமாகத்தான் நடந்தது. சங்கச் செயலாளர் ஜான்சனிடம், "ஓய்வு பெற்றோர் சங்கத்துல சேந்துருங்கண்ணே, பென்ஷன் விஷயமெல்லாம் அதுலதான்" என்றார். மயில்வாகனம் பக்கம் திரும்பி, "உங்களுக்கு... பாப்போம்ண்ணே" என்றார். மயில்வாகனம் மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அதிலிருந்த ஜரிகை நூலைப் பிய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

கொஞ்ச மாதத்தில் ஜான்சனுக்குப் பென்ஷன் வர ஆரம்பித்தது. ஒண்ணாம் தேதி ஆனால் தாமலிலிருந்து பைக்கில் வந்து பேங்குக்குப் போவார். அங்கிருந்து டிப்போவுக்கு எதிரே இருக்கும் எல்லம்மாள் இட்லிக் கடை. அந்த நேரத்தில் யார் இருந்தாலும் அவர்தான் டீ வாங்கித் தருவார். மயில்வாகனத்தின் மொத்தப் பணமும் ஒருவழியாக இழுத்துப் பறித்து வந்து சேர்ந்தது. வந்ததை அவர் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. மாசாமாசம் வருகிற காசு குழாய்த் தண்ணீர் மாதிரி, அவனவன் குடத்துக்கு அவனவனுக்கு. மொத்தமாக வருகிற காசு கோயில் குளம். யார் வேண்டுமானாலும் கால் அலம்பலாம் என்று நினைப்பார்கள்.

அப்படி ஒரு ஒண்ணாம் தேதி, கடையில் ஜான்சன் டீ சொல்லிக்கொண்டிருந்தார். எல்லம்மாள் இட்லி எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"இன்னா மயிலு, உனக்கு எப்ப வரும்? நீயும்தானே ரிட்டையர் ஆன?"

பக்கத்தில் தின்றுகொண்டிருந்த மெக்கானிக் பையன் சொன்னான். "அவருக்கு ஏதுக்கா? அவரு புது ஆளு. பாவம்."

எல்லம்மாள் "த்சு" என்றாள். மயில்வாகனத்தின் இலையில் கூடுதலாக ஒரு கரண்டி சட்னி ஊற்றினாள். அந்தச் சட்னியைப் பார்த்ததும் மயில்வாகனம் இலையைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தார்.

"எவன் சொன்னான் இல்லன்னு? சங்கம் போட்ட கேஸுல தீர்ப்பாயிடுச்சு. மார்ச்சுலயே ஆர்டர் வந்தவங்க எல்லாருக்கும் பழைய பென்ஷனே குடுக்கச் சொல்லிட்டாங்க. எனக்கும் வருது."

ஜான்சன் டீ கிளாஸை உதட்டருகே வைத்திருந்தார். குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

"அட, நல்ல சேதிதானே. அப்ப இன்னிக்கு டீக்காசு உன்னது" என்றாள் எல்லம்மாள். மயில்வாகனம் கொடுத்தார்.

வெளியே வந்ததும் ஜான்சன் மெதுவாகக் கேட்டார். "எந்தக் கேஸு மயிலு?"

"ஒரு கேஸு."

"எந்த கோர்ட்டு?"

"உனக்கு இன்னா போச்சு? உனக்கு வர்றதுல கொறைஞ்சா போவுது?"

"ஒண்ணும் போவல. கேட்டேன்" என்று சொல்லி ஜான்சன் பைக்கை உதைத்தார்.

மயில்வாகனம் நடந்தே வீட்டுக்கு வந்தார். சேதி அவருக்கு முன்னாலேயே வந்திருந்தது. பிள்ளையார்பாளையத்தில் எந்தச் சேதியும் சைக்கிளில்தான் போகும். நீலாம்பாள் கூலிக்கு நெய்துகொண்டிருந்த தறியை அப்படியே விட்டுவிட்டு வாசலில் நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"ஏங்க, நெசமா?"

அவர் செருப்பைக் கழற்றினார். இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தார்.

"இத்தினி வருசமா நெஞ்சுல ஒரு கல்லுங்க. நான் மட்டும் அன்னிக்கு வேண்டிக்காம இருந்திருந்தா உங்களுக்கு எல்லாம் சரியா நடந்திருக்கும்னு, தறியில குந்துறப்பல்லாம் அதே நெனப்பு. அம்மா கண்ணத் தொறந்துட்டா."

மயில்வாகனம் "ம்" என்றார். அந்த ஒரு 'ம்'மில் பொய் வீட்டுக்குள் நுழைந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டது.

சாயங்காலம் விக்னேஷ் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்தான். வந்தவன் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டான். அப்படிப் பிடித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

"அப்ப இனிமே என்னாலதான் போச்சுன்னு இல்லல்ல?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். ஜான்சனுடைய மகன் சிரிக்கிற அதே மாதிரிச் சிரிப்பு. பக்கத்து வீட்டில் எரிகிற விளக்கைப் பார்த்துப் பார்த்துப் பொருமினவர் வீட்டில் திடீரென்று விளக்கு வந்த மாதிரி இருந்தது. அதை எந்த வாயால் ஊதி அணைப்பது? பையன் அப்போதே கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை விக்னேஷ் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு, அப்பாவை பைக்கில் பின்னால் ஏற்றினான். "ஜான்சன் மாமாவுக்குக் குடுத்துட்டு வரலாம்ப்பா. அவருக்குத்தான் இதுல கணக்கெல்லாம் தெரியும். நீ கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்ற." மயில்வாகனம் தலைவலி என்றார். காற்றில் போனால் சரியாகும் என்றான்.

தாமலில் ஜான்சன் அப்போதுதான் சர்ச்சிலிருந்து வந்து வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி சம்பூர்ணம் டீ கொண்டுவந்தாள்.

"உங்களுக்கும் வந்துடுச்சாமேண்ணே. பைபாஸ் வரைக்கும் பேச்சா இருக்குது, இவரு ஒரு வார்த்த சொல்லல பாருங்க."

விக்னேஷ் ஸ்டூலை ஜான்சன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான். "மாமா, அரியர்ஸ் எல்லாம் தருவாங்களா? உங்களுக்கு வர்றதும் அப்பாவுக்கு வர்றதும் ஒண்ணுதானே?"

மயில்வாகனம் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'எந்தக் கேஸுப்பா?' என்று ஜான்சன் ஒரு வார்த்தை கேட்டால் போதும். பிள்ளையின் சிரிப்பு போய்விடும். நீலாம்பாளின் நெஞ்சுக்குக் கல் திரும்பி வந்துவிடும். எந்த மனுஷனைப் பார்த்து இத்தனை வருஷம் வயிறு எரிந்தாரோ, அந்த மனுஷனுடைய நாக்கு நுனியில் இப்போது அவருடைய குடும்பமே உட்கார்ந்திருந்தது.

ஜான்சன் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணு இல்லப்பா. கேஸுல வந்தவங்களுக்கு வேற கணக்கு. எங்களோடத விட கம்மியாத்தான் வரும். அரியர்ஸ் எல்லாம் எதிர்பாக்காதீங்க. மாசாமாசம் வரும், அதான் முக்கியம்."

"கரெக்டா வந்துரும்ல?"

"கண்டக்டர் காசுப்பா அது. சில்லறையோட கரெக்டா வரும்."

விக்னேஷ் சிரித்தான். சம்பூர்ணம் மட்டும் புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மயில்வாகனத்துக்கு அந்த நேரம் நன்றி தோன்றியிருக்க வேண்டும். தோன்றியது என்னவோ வேறு. 'கம்மியாத்தான் வரும்னு சொன்னான் பாரு. பொய்யிலகூட எனக்குச் சமமா குடுக்க அவனுக்கு மனசு வரல.'

ஏரி நிரம்பித் தண்ணீர் வழிகிறது என்று கேள்விப்பட்டு விக்னேஷ் பார்க்கப் போனான். பெரியவர்கள் இருவரும் கரையில் நின்றார்கள்.

"இப்பத்தான் முட்டிபோட்டு ஜெபம் பண்ணிட்டு வந்தேன். வந்த வாயால பொய் சொல்ல வச்சிட்டியே மயிலு."

"நான் கேக்கல."

"நீ கேக்கல. உன் மூஞ்சி கேட்டுச்சு."

மயில்வாகனத்துக்குப் பொறுக்கவில்லை. "அதென்ன கம்மின்னு சொன்ன?"

"பின்ன? எனக்கு வர்ற அளவுக்கு உன்னால மாசாமாசம் எடுத்துக் காட்ட முடியுமா? மொதலையே தின்னுட்டு நாலு வருசத்துல ரோட்டுல நிப்ப. போஸ்டாபீஸுல போடு. மாசாமாசம் வட்டி தருவாங்க, மொதல் அப்படியே இருக்கும். அதை எடுத்துக்கினு போய் பென்ஷன்னு குடு." ஜான்சன் ஒரு கல்லை எடுத்து ஏரியில் போட்டார். "எனக்குத்தான் உன்னப் பாத்தா வயித்தெரிச்சலா இருக்குது, தெரியுமா? நான் கண்ண மூடிட்டா சம்பூர்ணத்துக்குப் பாதியோ இன்னாவோ வரும். அவளும் போனா எம்புள்ளைக்கு ஒண்ணும் இல்ல. உனக்கு மொதல் நிக்கும்."

அந்த வயிற்றெரிச்சலைக் கேட்கக் கேட்க மயில்வாகனத்துக்கு ஏரிக்காற்றைவிடக் குளிர்ச்சியாக இருந்தது. இன்னொரு தடவை சொல்லமாட்டானா என்றுகூட இருந்தது. ஆனால் அந்தக் குளிர்ச்சி பைக் மெயின் ரோட்டில் ஏறுகிற வரைக்கும்தான். 'செத்த பிறவு மிஞ்சறதுக்கும், இருக்கறப்ப வர்றதுக்கும் வித்தியாசம் இல்லியா?' என்று மனசு பழைய இடத்துக்கே வந்து நின்றது.

மறுநாளே தபால் ஆபீசில் பணத்தைப் போட்டார். அதற்கடுத்த மாதத்திலிருந்து அவருக்கும் ஒரு தேதி வந்தது. அன்றைக்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போவார். காசை வாங்கி, காராசேவு ஒரு பொட்டலமும் பூவும் வாங்கிக்கொண்டு வந்து நீலாம்பாளிடம் கொடுப்பார். அவள் அதைச் சாமி படத்தடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் செலவுக்கு எடுப்பாள். மயில்வாகனமும் கும்பிடுவார். அவர் கும்பிடுவதில் கொஞ்சம் மன்னிப்பும் கலந்திருக்கும். அம்மன் காப்பாற்றிக் கொடுத்த பிள்ளைக்காகச் சொன்ன பொய்தானே, அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். குழம்பில் உப்பு குறைந்தாலும் இப்போது அவர் ஒன்றும் சொல்வதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் ஒருநாள் விக்னேஷ் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான். "பா, விலைவாசிக்குத் தகுந்த மாதிரி பஞ்சப்படி ஏத்திக் குடுக்கலன்னு பென்ஷன்காரங்க எல்லாம் டிப்போ முன்னாடி உக்காரப் போறாங்களாமே. நீ போவலியா? ஏறுனா உனக்கும் ஏறும்ல?"

போகமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? போனார்.

பந்தலில் ஜான்சன் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. "வா பென்ஷன்காரரே." யாரோ கையில் ஒரு கொடியைத் திணித்தார்கள். முன்னால் நின்று கோஷம் எடுத்துக்கொடுத்த ஆளுக்குக் குரல் கம்மிவிட்டது.

"மயிலு, நீ கத்துபா. உன் கொரலு கடைசி சீட்டு வரைக்கும் கேக்கும்" என்று ஜான்சன் தோளில் தட்டினார்.

மயில்வாகனம் எழுந்து நின்றார். "ஏத்திக் குடு, ஏத்திக் குடு!" என்றார். எல்லோரும், "பஞ்சப்படியை ஏத்திக் குடு!" என்றார்கள். சாலையில் போன பஸ்கள்கூட மெதுவாகப் போயின.

கத்தக் கத்தத்தான் அவருக்கு ஒன்று உறைத்தது. ஏறிவிட்டால்? வீட்டில் பிள்ளை கேட்பான், உனக்கு எவ்வளவு ஏறிச்சுப்பா என்று. தபால் ஆபீஸ் வட்டி ஏறாது. முதலிலிருந்துதான் எடுத்துக் காட்ட வேண்டும். ஜான்சனுக்கோ இருப்பதற்கு மேல் இன்னும் ஏறும். வாய் 'ஏத்திக் குடு' என்று கத்திக்கொண்டிருக்கும்போதே மனசு அம்மன் வாசலுக்கு ஓடியது. 'தாயே, இது மட்டும் ஏறக் கூடாது. ஏறவே கூடாது.'

பக்கத்தில் திரும்பினார். ஜான்சன் வேர்த்துப்போய், துண்டை உதறி உதறி, அவர் குரலுக்கு ஏற்றமாதிரி கத்திக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கியது. ஒவ்வொரு தடவையும் கத்திவிட்டு, சரியாகக் கத்தினோமா என்கிற மாதிரி மயில்வாகனத்தைப் பார்த்தார்.

மயில்வாகனத்துக்கு வெட்கமாகிவிட்டது. கண்ணை ஒரு நொடி மூடினார்.

'சரி, ஏறட்டும் தாயே. அவனுக்கு ஏறட்டும். ஒரேயடியா வேணாம். கொஞ்சம் கொஞ்சமா ஏத்து.'

கண்ணைத் திறந்து, கொடியை உயர்த்தி, முன்னைவிடச் சத்தமாகக் கத்தினார்.